சேறு பூசிய லாரி

கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. செட்ரிக் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோளாறு அதில் இல்லை. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் ராணுவ லாரியின் முன்கண்ணாடியில்தான். ஆவி பட்டாலே கண்ணாடியை வெளுக்கவைக்கும் சூப்பர் குளூவை அவசரத்தில் வைத்து ஒட்டித் தொலைத்திருந்தார். நாற்பது வருஷமாக மாடல் வண்டிகள் கட்டுகிறவர் செய்கிற காரியமா இது?

மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு பெரிலுக்கு எழுபதாவது பிறந்தநாள் தேநீர்.

பெரில் போர்க்காலத்தில் இதே ரக லாரியை ஓட்டியவராம். இரண்டு வருஷத்துக்கு முன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவராகத்தான் சொன்னார். மனைவி காலமான பிறகு வாயே திறக்காத செட்ரிக் அன்று அரைமணி நேரம் பேசினார். அதன்பின் தினமும் லாரிப் பேச்சுதான். கியர் எத்தனை, டீசல் டேங்க் எந்தப் பக்கம் என்று எது கேட்டாலும், "வயசாச்சு பாருங்க, யோசிச்சு செவ்வாய்க்கிழமை சொல்றேனே" என்பார் பெரில். ஊருக்கு நூலக வண்டி வரும் நாள் அது. பையும் கையுமாகத் திரும்புகிறவர் நேரே வேலிக்கு வந்து, பிசகாமல் பதில் சொல்வார். என்ன ஞாபகசக்தி என்று செட்ரிக் உருகிப்போவார்.

இன்று லாரியைக் கொடுக்கும் கையோடு ஒன்று கேட்டுவிட வேண்டும் என்றிருந்தார். இந்த வயதில் எதற்கு இரண்டு வீடு, நடுவில் ஒரு வேலி? லாரி இல்லாமல் அதைக் கேட்கிற தைரியம் அவருக்குக் கிடையாது.

பஞ்சில் பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்தார். வெளுப்பு போகவில்லை, குறுக்கே விரிசல் விழுந்தது. பதறியதில், இடுக்கியில் பிடித்திருந்த பக்கக்கண்ணாடி துள்ளிக் கம்பளத்தில் விழுந்து காணாமல் போனது. மண்டிபோட்டுத் தேடினார். முழங்காலே கண்டுபிடித்துக் கொடுத்தது. 'நொறுக்' என்று ஒரு சத்தம்.

மாடல் கிளப் நண்பர் நாரிஸுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினார்.

"அட, இதுக்கா அழுவுறே? சேத்தைப் பூசுய்யா! தப்பாப்போனா நாம எல்லாரும் அதைத்தானே பண்றோம்?"

"கண்ணாடியிலயா?"

"சண்டைக்குப் போன லாரிய்யா அது. கல்யாணத்துக்கா போச்சு?"

பிளாஸ்டர் பொடியில் பழுப்புப் பெயின்டைக் குழைத்து இடப்பக்கம் பூசினார். வலப்பக்கம் பல்லை இளித்தது. அங்கேயும் பூசினார். அவ்வளவு சேற்றில் வந்த வண்டிக்குச் சக்கரம் மட்டும் சுத்தமாக இருக்குமா? பூசப் பூச, மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய வண்டி எண்ணும் மூழ்கியது. பெரில் சொல்லித் தந்த எண் அது. இரண்டரை மணிக்கு மேசையில் லாரி இல்லை, ஒரு சேற்றுக்கட்டிதான் இருந்தது. செட்ரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. வெறுங்கையோடு போக மனம் வராமல், அதையே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

பெரிலின் தங்கை ஐரிஸ் வெளியூரிலிருந்து வந்திருந்தார். அவர்தான் கதவைத் திறந்தார். பெரில் பெட்டியைத் திறந்து லாரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க. பாழாக்கிட்டேன்" என்றார் செட்ரிக்.

"பாழா? அச்சு அசல் என் லாரியேதாங்க! மழையில பள்ளத்துல மாட்டி நின்னப்போ இப்படித்தான் இருந்துச்சு." பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையில் செட்ரிக்குக்கு இழந்த தைரியமெல்லாம் திரும்பிவிட்டது.

"பெரில், இனிமே அந்த வேலி நமக்கு எதுக்கு? என்னைக் கட்டிக்கிறீங்களா?"

பெரிலின் முகம் சிவந்தது. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"யோசிச்சு... செவ்வாய்க்கிழமை சொல்றேனே."

கேக் வெட்டிக்கொண்டிருந்த ஐரிஸ் கத்தியை டொக்கென்று கீழே வைத்தார்.

"இதுக்குமாடி லைப்ரரி வண்டி வரணும்? இங்க பாருங்க செட்ரிக், இவ சைக்கிள்கூட ஓட்டுனதில்ல, உங்ககூடப் பேசணும்னே ரெண்டு வருஷமா லாரி புஸ்தகமா எடுத்துப் படிச்சுக்கிட்டிருக்கா!"