சிணுங்கிக்கு ஒரு வெளிநாட்டுக் கொடி

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு போட் இருக்கு சார். வேற பேர் சொல்லுங்க" என்றாள் துறைமுக அலுவலகத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்.

பல் டாக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு கடைவாய்ப் பல்லையும் அதன் சொந்தக்காரரையும் காக்க வைத்துவிட்டு வந்திருந்தவர் அவர்.

"நல்லா பாரும்மா. மகாராணி, கடல்ராணி அந்த மாதிரி இல்ல. சிணுங்கி."

"சிணுங்கிதான் சார். இருக்கு."

"இருக்கவே முடியாது."

அவர் அப்படி அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் தம் மனைவிக்கு அவர் வைத்த பெயர் அது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடுகிற பெயர். வரப்போகிற இருபதாவது கல்யாண நாளுக்கு மனைவியைக் கடலில் அழைத்துப்போக, பட்டறையில் சொல்லி ஒரு சின்ன உல்லாசப் படகு செய்து வைத்திருந்தார். வாளித் தண்ணீரையே சந்தேகமாகப் பார்க்கிற அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தாள். படகில் சிணுங்கி என்று எழுதியிருந்தால் ஏறுவாள். வேறு எந்தப் பெயர் இருந்தாலும் கரையில் நின்று கையாட்டுவாள்.

"யார் அந்த ஆளு? ஓனர் பேர் என்ன?"

"அதைச் சொல்லக்கூடாது சார். ரூல்."

"போட் எங்க நிக்குதுன்னாவது சொல்லு."

"அதையும் சொல்லக்கூடாது. வேணும்னா சிணுங்கி ரெண்டுன்னு பதிஞ்சு தர்றேன். நிறைய பேர் அப்படித்தான் வச்சுக்கறாங்க."

"என் பொண்டாட்டி ரெண்டாம் நம்பரா?" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள்.

வெளியே வந்த டாக்டருக்கு யார் மேல் கோபப்படுவது என்பதில் குழப்பமே இல்லை. மச்சினன்தான். மனைவியின் தம்பி. வேலை தேடுவதற்காக ஒரு மாதம் தங்க வந்தவன். இப்போது வீட்டு சோபாவில் அவன் உருவத்துக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது. படகைப் பதிந்து வரச்சொல்லி, எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு, பைலை அவன் கையில் கொடுத்து நாளாகிவிட்டது. இன்று காலை பார்த்தால், அந்தப் பைலைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் அவனை எழுப்பக்கூட இல்லை. பல்லைப் பிடுங்குவது போலப் பைலை உருவிக்கொண்டு தாமே புறப்பட்டு வந்தார். இந்தத் தடிமாடு சொன்ன அன்றே போயிருந்தால் எவனோ ஒருவன் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருப்பானா?

வீட்டுக்கு வந்ததும் மனைவியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"வேற ஒருத்தன் அவன் போட்டுக்கு சிணுங்கின்னு பேர் வச்சிருக்கான்."

"அது எப்படிங்க? அது நீங்க எனக்கு வச்ச பேராச்சே."

"அதைத்தான் நானும் கேக்கறேன். உன்னை வேற யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்காங்களா? காலேஜ்ல யாராவது?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதிர்க்கேள்வி கேட்பதில் அவளுக்குப் பழக்கம் அதிகம்.

"இந்தப் பேரை நீங்க எங்கேருந்து எடுத்தீங்க?"

"எங்கேருந்தும் எடுக்கலை. நானா யோசிச்சு வச்சேன்."

"அப்ப எனக்கு முன்னாடி யாருக்கு வச்சிருந்தீங்க? அவ இப்ப வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டு, அவன் போட் வாங்கியிருக்கானா?"

"என்ன பேச்சு பேசறே."

"நீங்க பேசினதைத்தான் நானும் பேசறேன்."

அன்று இரவு டாக்டர் தட்டில் தாமே பரிமாறிக்கொண்டார். பெயர் பறிபோன விஷயம் மச்சினன் காதுக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் கணவனும் மனைவியும் ஒரு கட்சி. விஷயம் தெரிந்தால் தெருவுக்கே ஒலிபரப்பிவிடுவான். ஆனால் அவனோ யாரையும் எதுவும் கேட்கவில்லை. தலைக்கடியிலிருந்து பைலை உருவியதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். தூக்கம் கெட்டதற்கு இவ்வளவு ரோஷமா என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அவரும் அவனோடு பேச்சை விட்டார்.

மறுநாள் கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருந்த அத்தனை பேரும் பெயர் திருட்டுப் போன கதையைக் கேட்டாக வேண்டியிருந்தது. அவர்களால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் டாக்டருக்கு அந்தத் தொழிலில் பிடித்த விஷயம். ஆனால் கடைசியாக வந்தவர் கப்பல் ஏஜென்ட். பஞ்சை எடுத்ததும் அவர் சொன்னார்.

"இதுக்கா டாக்டர் இவ்வளவு வருத்தம்? வெளிநாட்டுக் கொடி போட்டுக்குங்க. இந்தத் துறைமுகத்துல பேர் இல்லேன்னா இன்னொரு நாட்டுல பதிஞ்சுக்கலாம். பெரிய பெரிய கப்பலே அப்படித்தான் ஓடுது."

"நான் அந்த நாட்டுக்காரன் இல்லையே."

"போட் மட்டும் அந்த நாட்டோடதா இருந்தா போதும். நீங்க இங்கேயே பல் புடுங்கிட்டு இருங்க."

"எந்த நாடு?"

ஏஜென்ட் ஒரு பெயரைச் சொன்னார். டாக்டர் பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளத்தை நினைவுபடுத்திப் பார்த்தார்.

"அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதே. சுத்தி மலையில்ல இருக்கு?"

"அதனாலதான் டாக்டர் அங்க எல்லாப் பேரும் காலியா இருக்கு."

அந்த நாடு கேள்வியே கேட்காமல் சிணுங்கியைத் தன் பிரஜையாக ஏற்றுக்கொண்டது. டாக்டர் கொடியை விரித்து மனைவியிடம் காட்டினார். வெகு நாளைக்குப் பிறகு அவள் லேசாகச் சிரித்தாள். விவகாரம் அத்தோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

முதலில் பெயின்டர் வந்தான். படகின் பின்பக்கத்தில் பெயருக்குக் கீழே அது பதிவான ஊரின் பெயரையும் எழுத வேண்டுமாம். அந்த ஊர்ப் பெயர் படகின் அகலத்தைவிட நீளம். பெயின்டர் அதை வலது பக்கம் தொடங்கி, பின்புறம் சுற்றி, இடது பக்கம் கொண்டுபோய் முடித்தான். நடுவில் சிணுங்கி ஒரு எறும்பு அளவுக்கு இருந்தது.

"இதுல என் பேர் எங்க?" என்றாள் மனைவி.

"கிட்டப் போனா தெரியும்."

கிட்டப் போக முடியவில்லை. வெளிநாட்டுப் படகை உள்ளூர்ப் படகுத்துறையில் கட்டக் கூடாது என்று சொல்லி, அதை வெளிநாட்டுப் படகுகள் நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சுங்க அதிகாரி. டாக்டர் தம் படகைப் பார்க்க அடையாள அட்டையைக் காட்டி, விருந்தாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"எங்கேருந்து வருது இந்த போட்?" என்றார் சுங்க அதிகாரி.

"அதோ தெரியுதே அந்தப் பட்டறையிலேருந்து."

"கொடி வெளிநாட்டுக் கொடியா இருக்கே. நம்ம கடலுக்குள்ள எப்ப வந்தது?"

"வரவே இல்ல சார். இங்கேயே பொறந்தது."

"அப்ப உள்ள வந்ததுக்கு முத்திரை இல்லாம நிக்குது. அது குத்தம்."

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "சரி சார். வெளிய ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். வந்ததும் முத்திரை குத்திடுங்க."

"முத்திரை இல்லாத போட்டை நான் எப்படி வெளிய விடுவேன்?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"அது எனக்குத் தெரியாது சார். ஆனா பண்ணக்கூடாததை எல்லாம் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அதிகாரி எஞ்சினை ஒரு சிவப்பு நாடாவால் சுற்றி அரக்கு வைத்தார். இதையெல்லாம் யோசித்து யோசித்து ரூலாக எழுதி வைத்த புண்ணியவானை நாற்காலியில் படுக்க வைத்து, மருந்து போடாமல் ஒரு பல்லைப் பிடுங்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. எனக்கும்தான் தோன்றுகிறது.

"கரையில நின்னு கையாட்டலாம்னு பார்த்தா, அதுக்கும் வேலி போட்டுட்டாங்க" என்றாள் மனைவி. "எனக்குக் கடலும் வேண்டாம், போட்டும் வேண்டாம். அந்தப் பேரைச் சொல்லி இனிமே கூப்பிடவும் வேண்டாம்."

இருபது வருஷமாக அவள் திரும்பிப் பார்த்த பெயர் அது. அன்றைக்கு ராத்திரி முழுக்க டாக்டர் உட்கார்ந்து ஒரு புகார் எழுதினார். அந்தச் சிணுங்கி எந்தப் படகுத்துறையிலும் நிற்கவில்லை, யார் கண்ணிலும் பட்டதில்லை, ஆகவே அது மோசடிப் படகு. அதன் பதிவை ரத்து செய்ய வேண்டும். படகைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் உரிமையாளர் ஆயுசுக்கும் வேறு படகு வைத்துக்கொள்ளவே கூடாது. 'அயோக்கியன்' என்று இரண்டு இடத்தில் எழுதி, ஒரு இடத்தில் மட்டும் அடித்தார்.

எதற்குமே அசையாத அலுவலகம் இந்தப் புகாருக்குத் துள்ளி எழுந்தது. பதிவுப் பிரிவு கீழ்மாடி, புகார்ப் பிரிவு மேல்மாடி. மேல்மாடி அதிகாரிக்கு வேலை இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்ததாம். உரிமையாளருக்கு நோட்டீஸை, ரூல்படி அவர் பெயரைப் போடாமல், உள்ளூர்ப் படகுத்துறைப் பலகையில் ஒட்டுவது அவர்கள் வழக்கம். டாக்டர் தினமும் சாயங்காலம் போய், திருடன் வந்து படிக்கிறானா என்று பலகைக்கு எதிரே நின்று பார்த்தார். அவரைத் தவிர யாரும் அதைப் படிக்கவில்லை.

விசாரணை கல்யாண நாளுக்கு முந்தின நாள். பெயர் விடுபட்டால் அன்றைக்கே இங்கே பதிந்து, அந்த மலைநாட்டுக் கொடியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். டாக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"நீயும் வா. அந்த மூஞ்சியை நீ பார்க்கணும்."

"பார்க்கத்தான் போறேன். உங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சியான்னு பார்க்கணும்" என்றாள் மனைவி.

கார் ஓட்ட மச்சினனைக் கூப்பிட்டாள். துறைமுக ஆபீஸில் வேலை என்று மட்டும் சொன்னாள். அவன் தூக்கி வைத்த முகத்தை வழி நெடுக இறக்காமலே ஓட்டினான்.

மேல்மாடி அறையில் நாற்காலிகள் பாதி காலியாக இருந்தன. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புகாரைப் படித்தார். அயோக்கியன் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மேலே படித்தார்.

"ரொம்பக் கடுமையா கேட்டிருக்காங்க. ஆனா நியாயமாத்தான் இருக்கு. உரிமையாளர் இப்ப எழுந்து வரலைன்னா பதிவு ரத்து, படகு பறிமுதல், ஆயுசுக்கும் தடை. சிணுங்கியோட உரிமையாளர் இருக்காரா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஒவ்வொரு நாற்காலியாகக் கழுத்தை வளைத்துப் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாகப் பிடித்த கை.

"வர மாட்டான் சார். திருடன் எப்படி வருவான்? எழுதுங்க, ரத்துன்னு எழுதுங்க" என்றார் டாக்டர்.

அதிகாரி பேனாவைத் திறந்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்போதுதான், காரை நிறுத்திவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சினன் டாக்டரின் தோளைத் தட்டினான்.

"உங்களைத்தானே அத்தான் கூப்பிட்டாங்க, எழுந்திருக்காம உக்காந்திருக்கீங்க? நீங்க பைலைக் குடுத்த அன்னிக்கே ஓடிவந்து உங்க பேர்ல சிணுங்கின்னு பதிஞ்சு குடுத்தேன், அதுக்கு இன்னி வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பீங்களா?"