சாய்வு நாற்காலிக்கு வந்த சமன்பாடு

இனி இந்த வீட்டில் எந்தத் தகராறும் கணக்கால் மட்டுமே தீர்க்கப்படும் என்று அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அறிவித்தார். விதிகள் இரண்டு. வழியை எழுதாமல் விடை சொல்லக் கூடாது. விடை வந்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அறிவித்தவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் பழைய பள்ளிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, இயற்கணிதத்தையும் வடிவியலையும் தாமாகவே கற்றுத் தேர்ந்தவர். தெருவார் அவருக்கு ‘எக்ஸ்காரர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

மனைவி தையற்காரி. பல்லிடுக்கில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே “சரிங்க” என்றாள். அந்த மாதத்தில் மூன்று வழக்குகள் நடந்தன. மூன்றிலும் அவள் தோற்றாள். அவற்றில் ஒன்று கொடிக்கயிற்று வழக்கு. செவ்வகத்தில் மூலைவிட்டமே நீளமானது என்று நிரூபித்து, முற்றத்தில் மூலைக்கு மூலை கயிற்றைக் கட்டினார். அன்று முதல் இருவரும் குழாயடிக்குக் குனிந்தே போய்வந்தார்கள்.

நான்காவது வழக்கு, பின்னறையின் ஜன்னல் சுவரைப் பற்றியது. அங்கேதான் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. காற்றும் வெளிச்சமும் ஒருங்கே கிடைக்கும் அந்த இடம் அவருக்கு உயிர். அந்தச் சுவரோரம் துணி அடுக்க ஓர் அலமாரி வேண்டுமென்றும், தச்சரிடம் சொல்லியாயிற்றென்றும் மனைவி தெரிவித்தாள். உயரம் எண்பது அங்குலம், அகலம் முப்பத்தாறு, ஆழம் பதினெட்டு.

இன்று அலமாரி வரும். நாளை நாற்காலி போகும். அவர் அளவு நாடாவை எடுத்தார்.

“அறையோட உயரம் எண்பத்தொண்ணு,” என்றார்.

“அலமாரி எண்பதுதானேங்க. ஒரு அங்குலம் மிச்சமே இருக்கு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தவர்போல் அவர் முறுவலித்தார். கதவின் உயரம் எழுபத்திரண்டு. ஆகவே அலமாரியைப் படுக்கவைத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் செங்குத்தாக வரும். நோட்டில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தார். எண்பதின் வர்க்கம் ஆறாயிரத்து நானூறு. பதினெட்டின் வர்க்கம் முந்நூற்று இருபத்துநான்கு. கூட்டினால் ஆறாயிரத்து எழுநூற்று இருபத்துநான்கு. அதன் வர்க்கமூலம் எண்பத்திரண்டு. கூரையோ எண்பத்தொன்று.

“ஒரு அங்குலம் இடிக்கும். நிமிராது,” என்று சொல்லி, ‘நிரூபிக்கப்பட்டது’ என எழுதிக் கையெழுத்தும் இட்டார்.

மனைவி நோட்டை வாங்கி, சுண்ணக்கட்டித் தூள் படிந்த விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ நிக்கவைக்க முடியாது.”

“முடியாது.”

“படுத்த மாதிரி உள்ள வந்துடும்?”

“தாராளமா வரும்.”

“அப்படியே பக்கவாட்டுல படுத்துக் கிடந்தா, எவ்வளவு உயரம் இருக்கும்?”

இங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் புதுக் கணக்கைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். முப்பத்தாறு என்றார். இஸ்திரி போட அந்த உயரம்தான் வேண்டும் என்றாள் அவள். சுவரின் நீளத்தைக் கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டு என்றார்.

“அலமாரி போக மிச்ச இடத்தை எக்ஸ்னு வச்சுக்குங்க.”

அவள் வாயிலிருந்து எக்ஸ் வருவது இதுவே முதல் முறை. அவருக்கு உள்ளம் நெகிழ்ந்தது. எக்ஸ் கூட்டல் எண்பது, சமம் நூற்றுப் பன்னிரண்டு. எண்பதை மறுபக்கம் கொண்டுபோனார். எக்ஸ் சமம் முப்பத்திரண்டு.

“நாற்காலியோட அகலத்தையும் அளந்துடுங்க.”

அளந்தார். முப்பத்துநான்கு. மறுபடி அளந்தார். நாடாவை இறுக்கிப் பிடித்தும் தளர்த்திப் பிடித்தும் பார்த்தார். நாற்காலி முப்பத்துநான்கிலேயே நின்றது. அறையின் மற்றச் சுவர்களில் கதவும் கட்டிலும் தையல் எந்திரமும் இருந்தன. வாய் திறக்க விதி இடம் தரவில்லை.

ஆனால் காலுக்கு விதி இல்லை. அலமாரியின் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைத்தால் மூலைவிட்டம் கூரைக்குள் அடங்கிவிடும் என்று வழியிலேயே மனக்கணக்குப் போட்டபடி தச்சுப் பட்டறைக்கு விரைந்தார். நின்றுகொண்டிருக்கும் அலமாரிக்கு முப்பத்தாறு அங்குலச் சுவர் போதும், நாற்காலி பிழைத்துக்கொள்ளும்.

பட்டறையில் அலமாரி தயாராக இருந்தது, படுத்த நிலையில். நீளமான பக்கத்தில் நான்கு கால்கள் அடிக்கப்பட்டிருந்தன.

“யாருய்யா உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?”

“அக்காதான் சார். போன வாரமே சொல்லிட்டாங்க. தட்டெல்லாம் படுத்த வாக்குலதான் அடிச்சிருக்கேன்.”

“அப்புறம் ஏன் இன்னும் கொண்டுவரலை?”

“நிக்காதுன்னு சார் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அதுக்கப்புறம் கொண்டுவான்னாங்க. போட்டாச்சா சார்?”

அவர் வீடு திரும்பியபோது சாய்வு நாற்காலி முற்றத்துக்கு வந்துவிட்டிருந்தது. குனிந்து, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த தம்முடைய வேட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.