இறந்தவர்கள் வரிசையில் என் படம்

அலெக்சாண்ட்ரியா

அன்புள்ள மருமகன் ஹாஸிமுக்கு,

உன் மாமா ஃபிக்ரி எழுதுவது. நீ சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். நான் சுகம் என்று எழுத முடியாதபடி செய்துவிட்டாய். உயிரோடு இருக்கிற என்னை இறந்தவர்கள் வரிசையில் மாட்டியிருக்கிறாய். போனில் சொன்னேன், சிரித்தாய். ஆகவே எழுதுகிறேன்.

கூடத்துச் சுவரில் என் அப்பா, சித்தப்பா, அண்ணன் மூவரும், இறந்தவர் படத்தின் மூலையில் ஒட்டும் கறுப்பு நாடாவோடு, ஆளுக்கொரு உயரத்தில் தொங்கியது உண்மை. நேராக்கித் தா என்று கேட்டதும் நான்தான். சுவரில் சிவப்பு வெளிச்சக் கோடு போட்டு மட்டம் காட்டும் அந்தக் கருவியை வைத்து நேராக்கினாய், பாராட்டினேன். அதோடு நிறுத்தினாயா? அலமாரியில் சும்மா சாய்ந்திருந்த என் படத்தையும் நாலாவதாக மாட்டி, அதில் மட்டும் நாடா இல்லையே என்று கடைக்குப் போய் அதே மாதிரி வாங்கி வந்து ஒட்டிவிட்டு, பசை காய்வதற்குள் கெய்ரோவுக்கு ரயிலேறிவிட்டாய். ஹாம்பர்க்கில் வளர்ந்தவனுக்கு அது அலங்காரமாகத் தெரிந்திருக்கிறது. நானும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்து, வரிசை நேராக இருக்கிறதென்று மகிழ்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது யார் தெரியுமா? இன்ஷிராஹ் அம்மாளின் தம்பி! கணவரை இழந்த அந்த அம்மாளை நான் பெண் கேட்டிருப்பது உனக்குத் தெரியும். வீட்டைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்த தம்பி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

"ஆண்டவன் அவருக்கு நல்ல இடம் கொடுக்கட்டும். உங்க கூடப் பொறந்தவரா ஹாஜி? அச்சு அசல் உங்க ஜாடை."

"அது நான்தாங்க."

மனுஷன் கோப்பையைக் கீழே வெச்சுட்டார். "இப்பவே மாட்டிக்கிட்டீங்களா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கக்கா ஏற்கெனவே ஒருத்தரை அடக்கம் பண்ணவங்க."

"கல்லு மாதிரி இருக்கேன்யா!" என்று அவர் கண்ணெதிரே நாற்காலியில் ஏறினேன். நீயோ புயலே வந்தாலும் அசையாதபடி பிளக்கும் ஸ்க்ரூவுமாக முடுக்கி வைத்திருக்கிறாய். இழுத்தேன். படம் வரலை, சுவத்துக் காரை வந்துச்சு, நேரா அவர் காப்பியில விழுந்துச்சு, இழுத்த இழுப்புல அப்பா வேற இடப்பக்கம் சாஞ்சுட்டார். வந்தவர் போயே போய்விட்டார். நான் இறங்கவில்லை. மாலைத் தொழுகைவரை திருப்புளியோடு போராடினேன். நாடாவைச் சுரண்டினால் சட்டத்தின் தங்கப் பூச்சு போகிறதே தவிர நாடா போகவில்லை. நானும் விடுவதாக இல்லை.

ஆகவே வியாழக்கிழமை நீ வந்து என் படத்தை இறக்க வேண்டும். நாடாவை எடுக்க வேண்டும், சுவரைப் பூச வேண்டும். உன் அம்மா, இன்ஷிராஹ் அம்மாளுக்குப் போன் போட்டு, அண்ணன் திடமாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

உன் வயிறும் வேலையும் நிறையட்டும்.

இன்னும் உயிரோடிருக்கும் உன் மாமா,
ஃபிக்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்ஷிராஹ் அம்மாளே தம்பியோடு வந்துவிட்டார். சுவரை வெகுநேரம் பார்த்தார். "மொதல் வீட்டுக்காரர் சுவத்துக்குப் போனதுலேருந்து எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்ல ஹாஜி. நீங்க முன்கூட்டியே போயிட்டீங்க, எனக்குச் சம்மதம். பக்கத்துல அவருக்கும் ஒரு எடம் கிடைக்குமா?" என்றார். ஆகவே எதையும் இறக்காதே, நாடாவைத் தொடாதே. உன் அம்மா போன் போட வேண்டாம். நீ துளை போடும் மிஷினோடு வந்து அந்த முதல் கணவர் படத்தை என் படத்துக்கு ஒரு விரல் தாழ்வாக மாட்ட வேண்டும். உன் கருவி என்ன கோடு காட்டினாலும் சரி. உன் புது அத்தை கேட்டால், சுவர் கோணல் என்று நீதான் சொல்ல வேண்டும்.