தூளி சார் தாலாட்டிய பை

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், பிளாஸ்டிக் பையைத் தாலாட்டுகிற ஆண்பிள்ளை ஒருவர்தான் கிடைத்திருப்பார். அவர் எங்கள் தெருக்காரர் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. திருவானைக்காவலில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தார். திருச்சியில் ஒரு ரத்த வங்கியில் வேலை. நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும்; யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் தூளி சார்.

காரணம் பிளேட்லெட். ரத்தக்கசிவை நிறுத்துகிற அந்தப் பொடி அணுக்களைத் தனியாகப் பிரித்துப் பையில் எடுத்தால், மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். குளிரும் ஆகாதாம். ஆட்டுவதற்கென்று இருக்கும் மெஷின் அவர்கள் வங்கிக்கு வரவே இல்லை. தூளி சார்தான் மெஷின். பழகிப்போய், கையில் எது அகப்பட்டாலும் ஆடும். ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின் ஆடும். கல்யாணப் பந்தியில் பாயச டம்ளர் ஆடும். பக்கத்து இலைக்காரர் வேட்டியை ஒதுக்கிக்கொள்வார்.

மனிதர்களை ரத்த வகை சொல்லித்தான் கூப்பிடுவார். என் கணவர் பி பாசிட்டிவ். தெருமுனையில் மாட்டினால் தீர்ந்தது.

"என்ன பி பாசிட்டிவ், தலைவலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? போட்டா உங்க பிளேட்லெட் ஒரு வாரத்துக்குப் படுத்துத் தூங்கிடும். திடீர்னு யாருக்காவது வேணும்னா?"

"யாருக்கு சார் வேண்டியிருக்கப் போகுது?" என்று இவர் சிரிப்பார்.

எங்களுக்கே வேண்டியிருந்தது. மூன்று வயது மகளுக்கு விடாத காய்ச்சல். ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஒருநாள் முன்னதாகவே ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கலாமோ என்று இப்போது எழுதும்போதும் தோன்றுகிறது. கையிலும் காலிலும் குத்திக் குத்தி நரம்பெல்லாம் வீங்கி, மருந்து ஏற்ற இடமில்லை. கழுத்தில் இருக்கும் பெரிய நரம்பில் குழாய் வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"ஆனா பிளேட்லெட் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. இப்பக் குத்தினா ரத்தம் நிக்காமப் போகலாம். முதல்ல ஒரு பை ஏத்திடுவோம்."

"அதுவரைக்கும் மருந்து இல்லாம தாங்குவாளா டாக்டர்?"

"சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம். அதுக்கு மேல காத்திருக்க முடியாது."

பக்கத்தில் நின்ற உதவி டாக்டர், "பை ஏத்தாமலே ஜாக்கிரதையா குழாய் வைக்கிறவங்களும் இருக்காங்க" என்று முணுமுணுத்தார். அதுவரை ஒன்றாக இருந்த என் பயம் இரண்டாயிற்று.

கணவர் திருச்சிக்கு ஓடினார். மகளும் பி பாசிட்டிவ்தான். கையை நீட்டியவரிடம் தூளி சார் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை?"

"காலையில ஒண்ணு போட்டேன் சார். மண்டை பொளந்துது."

அடிக்காத குறைதான். அடுத்த நிமிஷம் வாசலுக்குப் போய், சைக்கிளில் போன ஒருவரை "பி பாசிட்டிவ், நில்லுங்க!" என்று கத்தி நிறுத்தினாராம். அந்த மனிதரும் நிஜமாகவே பி பாசிட்டிவ். கூப்பிட்ட குரலுக்கு நின்றார், கொடுத்தார். சோதித்துப் பிரித்து முடிக்க மணி மூன்று.

அன்று ஆடிப்பெருக்கு. காவேரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். தூளி சார் பையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்து ஆட்டிக்கொண்டே போக, ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் விஷயம் கேட்டு இரக்கப்பட்டு, "ரத்தமா? கெட்டுடுமே, ரெண்டு கட்டி வச்சுக்கங்க" என்று ஓடி வந்திருக்கிறார். தூளி சார் அலறிய அலறலில் ஐஸ் கீழே விழுந்தது.

கொஞ்ச தூரத்தில், பூஜைக்கூடையோடு ஒரு அம்மாள் வழி மறித்தாள். "ஏங்க, கொழந்தையை இப்படி மூடியா தூக்கிட்டுப் போவாங்க? மூச்சு முட்டாது? முகத்தைத் திறந்து விடுங்க."

"இதுக்கு முகம் கிடையாதும்மா."

அம்மாள் கூடையைப் போட்டுவிட்டாள். என் கணவர்தான் அழாத குறையாக, "என் பொண்ணுக்கு ரத்தம்மா, ஆஸ்பத்திரியில இருக்கா" என்றார். அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். "வழி விடுங்கடி! கொழந்தை வருது, வழி விடுங்க!" பாலம் முழுக்க விலகியது.

வந்து சேர்ந்ததும் நர்ஸ் கை நீட்டினார். "டாக்டர் வர்ற வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைக்கிறேன், குடுங்க."

"ஃபிரிட்ஜா? என்னை வேணா வைங்க!" டாக்டர் வரும்வரை வராந்தாவில் ஆட்டிக்கொண்டே நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை மட்டும் ஒரே தாளத்தில் ஆடியது.

பை ஏறியது. குழாய் வைத்தார்கள். வெளியே வந்த டாக்டர் ஒரு பஞ்சைக் காட்டினார். பொட்டு அளவு ரத்தம், அவ்வளவுதான். அன்று இரவே மருந்து தங்கு தடையின்றி ஏறியது.

மகள் வீடு திரும்பியதும் எதிர் மாடிக்குத் தூக்கிப்போனேன். என் சுபாவம், கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், அந்தப் பை ஏத்தாமலே இருந்தாலும் ரத்தம் நின்னிருக்குமா?"

"யாருக்குங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஆட்டுறது ஒண்ணுதான்."

மகளை அவரிடம் நீட்டினேன். இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, எனக்குக் கொழந்தை தூக்கத் தெரியாதுங்க. தூக்கினதே இல்ல."

விடாமல் கையில் வைத்தேன். கை தானாக ஆட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் அவர் தோளில் எச்சில் வழியத் தூங்கிப்போனாள். தூளி சார் அசையாத முகத்தோடு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நிறுத்தலாங்களா?"

"வேண்டாம் சார்," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டுங்க."