தீப்பெட்டி ஆபீசுக்கு நான் ஊதிய சங்கு

கல்யாணமான முதல் மாதம் புகுந்த வீட்டில் ஒரு பெண் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். குழம்பில் உப்பை அள்ளிப் போடலாம். மாமனார் பேப்பர் படிக்கும் நாற்காலியில் தெரியாமல் போய் உட்காரலாம். கெட்டிக்காரத்தனத்தை மட்டும் காட்டவே கூடாது. நான் காட்டினேன். மொத்தம் அரைமணி நேரம்தான் காட்டினேன். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கேமரா, வைஃபை பெட்டி, மோட்டாரைப் போனிலேயே போடும் கருவி என்று, உள்ளே ஒரு குட்டிக் கணினி ஒளிந்திருக்கும் சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்குள் திருடன் புக முடியுமா என்று, திருடனுக்கு முன்னால் புகுந்து பார்க்கிறவள் நான். (நாகலாபுரத்தில் என் அம்மா இதை இன்றுவரை ‘கம்ப்யூட்டர் ரிப்பேரு’ என்றுதான் சொல்கிறாள். தப்பில்லை. என் கை பட்டபின் பலது ரிப்பேர் ஆகத்தான் செய்கிறது.)

மாமாவுக்கு (மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், புது மருமகளுக்கு ஆபீசைச் சுற்றிக் காட்ட என்னையும் என் வீட்டுக்காரர் செந்திலையும் அழைத்துக்கொண்டு போனார். நான் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டேன். பட்டுச் சேலையில் மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு போன அந்தக் கோலத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மாமா தன் அறையில் இருந்த கேமராத் திரையைப் பெருமையாகக் காட்டினார்.

“இத மாட்டுன பொறவு ஒரு ஈ கூட எனக்குத் தெரியாம உள்ள வர முடியாது, பாத்துக்கோ.”

‘நல்லா இருக்கு மாமா’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

“பத்து நிமிசம் குடுத்தா நான் உள்ள போயிருவேன் மாமா” என்றேன்.

செந்தில் என் காலை மிதித்தார். மாமா சிரித்தார். “எங்க, போ பாப்போம்.”

எங்கள் தொழிலில் முதல் பாடம் இதுதான்: எந்தப் பெட்டிக்கு அனுமதி வாங்கினாயோ அந்தப் பெட்டியை மட்டும் தொட வேண்டும். எனக்குக் கிடைத்தது கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டிக்கான அனுமதி. சாட்சி, ஆபீஸ் மேனேஜர் தங்கப்பாண்டி அண்ணாச்சி.

பத்து நிமிடம் தேவைப்படவே இல்லை. மாட்டிய கடைக்காரர் வைத்த பழைய பாஸ்வேர்டு அப்படியே கிடந்தது. “போயிட்டேன் மாமா!” என்றேன்.

மாமா திரையைப் பார்த்தார். “படம் பாட்டுக்கு ஓடுது. நீ எங்கன போன?”

நியாயமான கேள்வி. உள்ளே போனதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டுமென்றால் என் சோதனைக் கருவியை அந்தப் பெட்டிக்குள் ஏற்றி ஓட்ட வேண்டும். அதில்தான் சிக்கல். சாமான்களுக்குள் இருக்கும் சிப்புகள் எல்லாம் ஒரே மொழி பேசுவதில்லை. அதனால் ஒரே கருவியை ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் தனித்தனியாகத் தயாரித்து வைத்திருப்போம், ஆளுக்கு ஒரு அளவில் ஜாக்கெட் தைப்பது மாதிரி. முதலில் ஆர்ம் சிப்புக்கான ஜாக்கெட்டைப் போட்டேன். பொருந்தவில்லை. அடுத்து மிப்ஸ் என்ற இன்னொரு வகைச் சிப்புக்கானது. அதுவும் இல்லை. மிப்ஸிலேயே எண்களை முன்னாலிருந்து படிப்பது, பின்னாலிருந்து படிப்பது என்று இரண்டு ரகம் உண்டு. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. தட்டில் வைத்த கடம்பூர்ப் போளி ஆறிக்கொண்டிருந்தது.

“நாளைக்குப் பாப்போமா?” என்றார் செந்தில், என் கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. அதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லா அளவு ஜாக்கெட்டையும் வரிசையாகப் போட்டுப் பார், எது பொருந்துகிறதோ அதை ஓட்டு என்று நாலு வரி நிரல் எழுதினேன்.

நான் தட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. “பெட்டி மக்கர் பண்ணுது போலுக்கு. ஒருக்கா எல்லாத்தயும் அமத்திப் போடுதேன்” என்று சுவிட்சுகளை மொத்தமாக அணைத்துப் போட்டார்.

அணைத்துப் போட்டதில், நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்கும் முகவரி எண்கள் இடம் மாறிவிட்டன. என் நிரல் தேடிப் போகும் கேமராப் பெட்டியின் எண் வேறொரு பெட்டிக்குப் போய்விட்டது. இதைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அன்று சரிபார்க்கவில்லை. பட்டனைத் தட்டினேன்.

பொருந்தவில்லை. பொருந்தவில்லை. பொருந்தியது!

“பொருந்திட்டு!” என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் இருந்த ஆபீஸ் சங்கு அலற ஆரம்பித்தது.

என் கருவி போய்ப் பொருந்தியது, ஆபீஸ் சங்கைத் தானாக ஊதவைக்கும் பெட்டியில். மாட்டியவர் அதே கடைக்காரர், பாஸ்வேர்டும் அதே. வேலை தொடங்க, சாப்பிட, வீட்டுக்குப் போக என்று நேரப்படி ஊதும். மற்ற நேரத்தில் தீப்பெட்டி ஆபீசில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“ஏட்டி, தீயி! ஓடுங்கட்டி!”

பெட்டிகளில் தீக்குச்சி அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். முன்பக்கத்தில் இருந்தவர்கள் நொடியில் வெளியே வந்துவிட்டார்கள். பின்பக்கத்தில் இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு பூட்டியிருந்தது.

கேமராத் திரையில் அதை நாங்கள் பார்த்தோம். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. “சாவி... சாவி வீட்லல்லா இருக்கு” என்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவரும் செந்திலும் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். நான் பின்னால் ஓடி, “தீ இல்லக்கா, நான்தான்! நான்தான்!” என்று கத்தினேன். சங்குச் சத்தத்தில் அது என்னவாகக் கேட்டதோ, இரண்டு பேர் என் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள்.

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவர் மூத்த தொழிலாளி மாடத்தி அக்கா. தீ எங்கும் இல்லை என்று தெரிந்ததும் நேரே மாமாவிடம் போனார்.

“மொதலாளி, இன்னைக்கு நெசமாவே தீப்பிடிச்சிருந்தா எங்க பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பீக?”

மாமா உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். 

சங்கு மட்டும் நிற்கவில்லை. என் கருவி அந்தப் பெட்டியை அடியோடு முடக்கிவிட்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தினோம், பேட்டரியில் ஊதியது. கடைசியில் அண்ணாச்சி ஏணியில் ஏறி நாலு சாக்கைச் சுற்றிக் கட்டினார். அதன்பிறகு ஜலதோஷம் பிடித்த எருமை மாதிரி ஊதியது. இன்னொரு முறை ஏறி வயரை வெட்டினார்.

அதற்குள் யாரோ போன் போட்டு, தீயணைப்பு வண்டி வந்தது. தார்ச்சாலையை விட்டு இறங்கிய மறுகணமே, முந்தைய நாள் மழையில் ஊறிய கரிசல் மண்ணில் சக்கரம் பாதிக்கு மேல் புதைந்தது. அவர்கள் எங்களைக் காப்பாற்ற வந்திருந்தார்கள். எங்கள் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளி அவர்களைக் காப்பாற்றினார்கள்.

முழங்கால் வரை சேறோடு அதிகாரி வந்தார். “யாரு சங்க ஊதுனது?”

“எம் மருமவ” என்றார் மாமா.

ஈரப் பட்டுச் சேலையில் நின்ற என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். “அவங்க என்ன வேல பாக்காங்க?”

மாமா ஒரு பெருமூச்சு விட்டார். “பாதுகாப்பு.”

மறுநாளே பின்கதவிலிருந்து பூட்டுக்கொண்டியைப் பெயர்த்து எடுத்துவிட்டார் மாமா. என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மாதம் ஒருமுறை சங்கு ஊதி, தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று எல்லாருக்கும் ஒத்திகை நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு ஆபீசில் இன்றைக்கும் ‘மருமவ சங்கு’ என்றுதான் பெயர். “ஏட்டி, இன்னைக்கு மருமவ சங்காம்” என்று மாடத்தி அக்கா சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

போன மாதம் என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் கம்ப்யூட்டர் படித்தவள் என்றார்கள். அத்தை சமையல் பற்றிக் கேட்டார், செந்தில் வேலை பற்றிக் கேட்டார். மாமா மட்டும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யம்மா, ஊதுவியா?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல மாமா, வீணை மட்டும்தான்” என்றாள்.

அந்த நிமிடமே சம்பந்தம் முடிவாகிவிட்டது.