அம்பைத் தாங்க ஒரு திண்டு

ஆரணி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் ஹேமசந்திரன் அவர்களுக்கு,

ஜெய் ஜினேந்திரா. தங்கை கணவன் அறவாழி வணக்கத்துடன் எழுதுவது. போளூரில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகமில்லை. உங்கள் தங்கை சந்திரகாந்தா அளவுக்கு மீறிய சுகம். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

போன வருஷம் அவளுக்குத் தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை தூக்க முடியாமல், மூன்று மாதம் நான்தான் ஜடை பின்னிவிட்டேன். "கையை இழுத்துப் பழகுங்கம்மா" என்று வைத்தியம் பார்த்த பெண் சொன்னதை இவள் எப்படிப் புரிந்துகொண்டாளோ, ஐம்பத்தெட்டு வயதில் சேவூரில் ஸ்டெஃபி டீச்சர் நடத்தும் வில்வித்தை கிளப்பில் சேர்ந்துவிட்டாள். அதோடு விட்டார்களா? மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறவன் என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். இலக்குத் தாளுக்குப் பின்னால் அம்பைத் தாங்க ஒரு திண்டு வேண்டுமாம். மெத்தென்று இருந்தால் அம்பு துளைத்துக்கொண்டு போய்விடும், கெட்டியாக இருந்தால் திரும்பி வரும். "ஒரு திண்டுதானே சார், ஜல்தியா பார்த்துக் குடுத்துடுங்க" என்றார் டீச்சர்.

முதலில் வைக்கோலை இறுக்கிக் கட்டி நிறுத்தினேன். உங்கள் தங்கை நாணை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "உள்ள இன்னாவோ கத்திகினு கீதுங்க." பிரித்துப் பார்த்தால் சுண்டெலி, கண் திறக்காத ஐந்து குட்டிகள். விளக்கில் பூச்சி விழுந்து செத்துவிடுமே என்று நாம் ஜைனர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிடக்கூடச் சாப்பிடாத ஆட்கள். எலிக்குட்டி மேல் அம்பு விடுவோமா? மூன்று வாரம் கிளப்புக்கு லீவு. டீச்சர் தினமும் வந்து, "இன்னும் காலி பண்ணலையா சார்?" என்று குடித்தனக்காரரை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

அடுத்து தெர்மாகோல். அம்பு பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறியது. அன்று பார்த்துக் காற்று. பக்கத்துத் தெருவில் நெசவாளர் ராமதாஸ் தறிக்கு ஏற்றப் பட்டு இழைகளை நீளமாக இழுத்துப் பாவு கட்டியிருந்தார். நீலப் பாவு முழுக்க வெள்ளை உருண்டை. தட்டினால் கையில் ஒட்டுகிறது, கையிலிருந்து மீசைக்குப் போகிறது. "நான் நீலச் சாயம் போட்டுகினு வந்தா, நீங்க புள்ளி வச்சிக் குடுக்கிறீங்களா சார்? ஒரே பேஜாருங்க!" என்றார். இரண்டு பேரும் மாலைவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம்.

கெட்டியாகவே வைப்போம் என்று மரப்பலகை வைத்தேன். அம்பு அதில் பட்டுத் திரும்பி என் ஸ்கூட்டர் சீட்டில் குத்தியது. அப்போது நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்பதை உங்கள் தங்கை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

கடைசியில் ராமதாஸே இரக்கப்பட்டு, தறியில் ஓடி முடிந்த, சேலை டிசைனுக்கு ஓட்டை குத்திய பழைய அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். படுக்கவைத்து அடுக்கி, மேலும் கீழும் கட்டை கொடுத்து, போல்ட் போட்டு முறுக்கினோம். அம்பு அழகாக நின்றது. ஆனால் பிடுங்கினால் வரவில்லை. ஒரு காலைத் திண்டில் ஊன்றி இழுத்தேன். அம்பும் வந்தது, நானும் வந்தேன், சேற்று வயலில் மல்லாந்து விழுந்தேன். போல்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மச்சான், இடுப்புவலி இருக்கட்டும். வரும் ஞாயிறு மூத்தோர் போட்டி. அவள் தோற்றுப்போய் வந்து, மறுபடியும் அந்த மூன்று மாதம்போல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் மூத்தவர். சனிக்கிழமையே வந்து வில்லைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதும்
அறவாழி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் மேசைமேல் வைத்தது என் தப்பு. உங்கள் தங்கை படித்துவிட்டாள். கோபிக்கவில்லை. "தோத்தா அடுத்த வாரமும் போவேங்க. அவ்ளோ பயமா இருந்தா பக்கத்துல வந்து நில்லுங்க" என்றாள். நிற்கத்தான் போனேன். டீச்சர் கையில் வில்லைக் கொடுத்துவிட்டார். ஒன்பது அம்பு வயலோடு போயிற்று. பத்தாவது திண்டில் நின்றது மச்சான்! ஓரத்தில்தான், ஆனாலும் நின்றது. ஆகவே சனிக்கிழமை வந்து யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம். ஞாயிறு நேராக மைதானத்துக்கு வந்துவிடுங்கள். போட்டிக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டேன். நான் அம்பு விடும்போது மட்டும் எனக்குப் பின்னால் நில்லுங்கள். பக்கவாட்டில் வேண்டாம்.