கடிகாரம் இல்லாத அறையிலிருந்து மாமாவுக்கு

தேதி: தெரிந்தவுடன் நிரப்பப்படும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருப்பதாகவே என் உடம்பில் ஒட்டியிருக்கும் கருவிகள் எல்லாம் காட்டுகின்றன. உங்கள் முழங்கால் வலி, அடுப்பங்கரைக் குழாய், மாடி வீட்டுக்காரரோடு நடக்கும் வழக்கு ஆகிய மூன்றையும் நான் முறைப்படி விசாரித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அத்தை விமானம் ஏறிவிட்டாரா, இல்லையா?

அத்தை வந்து இறங்குவது இருபத்தேழாம் தேதி காலை பத்தரை மணி என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்குத் தெரியும். இன்றைக்கு என்ன தேதி என்பதுதான் தெரியவில்லை. இந்த இடத்தில் நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பீர்கள். தயவுசெய்து மறுபடி மாட்டிக்கொண்டு மேலே படியுங்கள்.

நடந்தது இதுதான். நாங்கள் ஐந்து பேர் ஓர் அறையில் குடியிருந்தோமா, படிக்க வந்த ஊரில் படுக்க இடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோமா, ஒருநாள் வீட்டுக்காரம்மா வர்ண டப்பாவும் கையுமாக வந்து நின்று, சுவர் அடிக்கணும், ரெண்டு வாரம் எல்லாரும் வெளியில இருங்க என்று சொல்லிவிட்டார். மற்ற நால்வருக்கும் சிநேகிதர்கள் இருந்தார்கள். என் சிநேகிதர்கள் அந்த நால்வர்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனால், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். 'ஆட்கள் தேவை. பதினான்கு நாள். தங்குமிடம், சாப்பாடு இலவசம். முடிவில் பணம்.' ஓடிப் போய் வேலை என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யக் கூடாது, அதான் வேலை" என்றார்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் நீ லாயக்கு என்று அப்பா பல வருஷமாகச் சொல்லிவருவது உங்களுக்கே தெரியும்.

விஷயம் என்னவென்றால், நேரம் தெரியாமல் அடைத்துவைத்தால் மனித உடம்பு எப்போது தூங்கும், எப்போது விழிக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். பூமிக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கடிகாரம், கைப்பேசி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பன்னிரண்டாம் தேதி உள்ளே போனால் இருபத்தாறாம் தேதி வெளியே வரலாம், கிடைக்கும் பணத்தில் அத்தைக்கு ஜன்னல் வைத்த அறை ஒன்று பிடிக்கலாம், மறுநாள் காலையில் குளித்து முழுகி விமான நிலையத்தில் போய் நிற்கலாம், இரண்டு வாரம் ஊரெல்லாம் பஸ்ஸில் சுற்றிக் காட்டலாம். இதைவிடக் கச்சிதமாக யாராவது திட்டம் போட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் மாமா, ஆரம்பமே சரியில்லை. ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கு நேர்ப் பஸ்ஸில் போனால் டிக்கெட் அதிகம் என்று மூன்று ஊர் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இரண்டாவது ஊர் வந்ததுவரை நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது வெளியே என் கல்லூரி வாசல் நிற்கிறது. பஸ் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது! டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நல்லாத் தூங்கிட்டு இருந்தியா, எழுப்ப மனசு வரல" என்றார். அதே பஸ்ஸில் அதே சீட்டில் மறுபடி போனேன். இந்த முறை தூங்காமல் இருப்பதற்காக டிரைவரோடு பேசிக்கொண்டே போனேன், அதில் அவர் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டார், பஸ்ஸே என்னைத் திட்டியது. போய்ச் சேர்ந்தபோது பகலா இரவா என்று எனக்கு அப்போதே குழப்பம். அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம்.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக் கோட்டுக்காரருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்களிடம் பேசினால் நேரம் தெரிந்துவிடுமாம், அதனால் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார். அதுவும் ஆமாம் என்று ஆட்டுகிறாரா இல்லை என்று ஆட்டுகிறாரா என்பது பிடிபடாது. அறையில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அமுக்கினால் சாப்பாடு வரும். சிவப்பை அமுக்கினால் கதவு திறக்கும், நாம் போய்விடலாம், ஆனால் ஒரு காசு தரமாட்டார்கள்.

நான் லேசுப்பட்டவனா மாமா? நேரத்தைக் கண்டுபிடிக்க வழி செய்தேன். தாடியை வைத்துப் பார்க்கலாம் என்றால் எனக்குத் தாடி வளரும் அழகு நம் குடும்பத்துக்கே தெரியும். தூக்கத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், நான் எப்போது பார்த்தாலும் எழுந்துகொண்டே இருக்கிறேன். கடைசியில் சாப்பாடுதான் சரி என்று பட்டது. மனுஷன் ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறான். பசித்தால் பச்சைப் பொத்தான், ஒரு தட்டு, சுவரில் நகத்தால் ஒரு கோடு. மூன்று கோடு ஒரு நாள். இதில் தப்பு வருமா? பசி பொய் சொல்லுமா?

சற்று முன்னால் கோடுகளை எண்ணினேன். ஐம்பத்தேழு! அப்படியென்றால் பத்தொன்பது நாள். அப்படியென்றால் இன்று முப்பத்தொன்று. அப்படியென்றால் நம் அத்தை நான்கு நாளாக விமான நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்! மொழி தெரியாது, வழி தெரியாது, என் கைப்பேசி பெட்டிக்குள் கிடக்கிறது. "பக்கத்துத் தெருவுக்கே அவ ஒத்தையாப் போனதில்ல, நீ வந்து நிப்பியாடா?" என்று நீங்கள் கேட்டதும், "தலையை அடமானம் வெச்சாவது நிப்பேன் மாமா" என்று நான் சொன்னதும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தலையாட்டியைப் பிடித்து, "பதினாலு நாள் முடிஞ்சுபோச்சுல்ல? என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "எங்க அத்தை வந்துட்டாங்களா?" அதற்கும் ஆட்டினார். "ஐயா, வந்துட்டாங்களா, வரலையா, ஒரு பக்கமா ஆட்டுங்க!" என்று கத்தினேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதையும் சாப்பிட்டேன், ஐம்பத்தெட்டு.

இப்போது என் நிலைமை இதுதான். சிவப்பை அமுக்கினால் பணம் போச்சு, அத்தையை எங்கே தங்கவைப்பேன்? அமுக்காவிட்டால் அத்தையே போச்சு. நாள் முடிந்திருந்தால் இவர்களே திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. முடியவில்லையென்றால் நான் எப்படி ஐம்பத்தெட்டு தடவை சாப்பிட்டிருக்க முடியும்? எனக்கு ஒன்றுமே விளங்கல மாமா, தலை கிறுகிறுங்குது. பணம் கிடக்கட்டும், நான் அமுக்கப் போறேன். அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னை மன்னிக்க வேண்டாம், திட்டிக் கடிதம் மட்டும் போடுங்க.

உங்கள் ஆசிகளைக் காலில் விழுந்து கேட்டு வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னதுகளுக்கு அன்பும் சொல்லி, சிவப்புப் பொத்தானை நோக்கி எழுந்திருக்கும்

உங்கள் மருமகன்

பின்குறிப்பு: அமுக்கினேன். கதவு திறந்தது. தேதி இருபத்தொன்று. உள்ளே போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறு வேளைக்கும் மேலே சாப்பிட்டிருக்கிறேன். பல மாதமாகக் காலையில் ஒரு ரொட்டி, ராத்திரி பாதி ரொட்டி என்று ஓட்டியவன், சும்மா வருகிறதென்றதும் என் பசிக்கு நிதானம் போய்விட்டது. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

பணமும் இல்லை, வர்ணமும் காயவில்லை. ஆறு நாள் கல்லூரி நூலகத்தில் காலம் தள்ளிவிட்டு, இருபத்தேழாம் தேதி ஒன்பது மணிக்கே விமான நிலையத்தில் நின்றேன். அத்தை சிரித்துக்கொண்டே வந்தார். உங்களைத் தங்கவைக்க இடமில்லை அத்தை என்று அங்கேயே அழுதுவிட்டேன், நடந்ததை எல்லாம் சொன்னேன். அத்தை திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார்.

"அங்க யாரும் கதவைத் தட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க அத்தை."

"பட்டனை அமுக்கினா சாப்பாடு வருமா? யாரு சமைக்கிறா?"

"யாரோ சமைக்கிறாங்க. தெரியாது."

"நான் இல்லியே?"

"நீங்க இல்ல அத்தை."

பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு, "உன் இடம் இன்னும் காலியாத்தானே இருக்கு?" என்றார். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டாமா என்று கெஞ்சினேன். "ஊரை டிவியிலயே பாத்துக்கலாம்டா. இப்படி ஒரு ரூமை எங்க போய்த் தேடுவேன்?" என்றார். அறுபது வயதுவரை எடுக்கிறார்கள், அத்தைக்கு ஐம்பத்தெட்டு. பேச்சே தேவையில்லாத வேலையாதலால் மொழியும் தடையில்லை. உள்ளே போய் நான்கு நாள் ஆகிறது. நீங்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் அத்தையின் கைப்பேசி பூட்டிய பெட்டியில் இருக்கிறது. போனில் உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் இதைத் தபாலில் போடுகிறேன்.

இன்று போய் விசாரித்தேன். உள்ளே போனதும் பதினெட்டு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினாராம், கருவி கெட்டுவிட்டதோ என்று மேல்மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்களாம். தலையாட்டி என்னிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று சைகையில் கேட்டார். அத்தையின் கையெழுத்து. 'இது முடிஞ்சதும் இன்னொரு பதினாலு நாள் இருக்கலாமான்னு கேட்டுச் சொல்லு.'

நான் கேட்கவில்லை மாமா. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார்கள்.